ஞானாம்பாள் பேரில் இருந்த தோட்டம்

காலை ஐந்தே முக்காலுக்கு விஜயராணியின் போன் வந்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் அத்தை குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் அடுத்த கதவு அவளுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறாள்.

“எக்கா, அத்தை எந்திரிக்க மாட்டேங்காவ. எப்பவும் இந்நேரத்துக்கு வாசத் தெளிச்சிருப்பாவ. கதவத் தள்ளிப் பாத்தா உடம்பு சில்லுன்னு கெடக்கு. நீங்க வெரசா வாங்கக்கா.”

அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “கையெழுத்துப் போடாமயே போயிட்டாளா?” என்றார். செத்தது அவருடைய சொந்த அக்கா.

அப்பா கெட்டவர் அல்ல. அன்று மயானத்தில் அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆனால் முதலில் வாயில் வந்தது அதுதான். பெரியப்பா குமாரவேலுக்குப் போன் செய்தேன். அவரும் அதையே கேட்டார். சித்தப்பா மோகன்ராஜ் மட்டும் அதைக் கேட்கவில்லை. “பத்திரம் எங்க இருக்குதுன்னு பாத்து வெய்யி கண்ணு” என்றார்.

அத்தையின் பெயர் ஞானாம்பாள். மூன்று ஆண்களுக்கு நடுவே பிறந்த ஒரே பெண். பெரியப்பாவுக்குத் தங்கை, மற்ற இருவருக்கும் அக்கா. இருபது வயதில் கணியூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமா அங்கே சின்னதாகத் துணிக்கடை வைத்திருந்தார். மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு அத்தை திரும்பி வந்தபோது, “உன்னிய உக்கார வெச்சுச் சோறு போடறோம்” என்று அண்ணன் தம்பிகள் மூவரும் சொன்னார்களாம். “உக்காந்தா முதுகு வலிக்கும், நான் நின்னுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டார். சாவதற்கு முந்தின நாள்வரை அந்த வேலைதான்.

செக்கிங் என்றால், தைத்து வந்த பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது. குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். அத்தை அந்த ஸ்டிக்கரை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். ஒழுகும் குழாயில் வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று ஒன்று. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் விட்டுப்போன இடத்தில் ஒன்று. பெரியப்பா புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்து காட்டியபோது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்கதவில் நகக்கீறல் அளவு இருந்த கோட்டின் மேல் ஒன்றை ஒட்டினார்.

“கம்பெனிக்கே திருப்பி அனுப்பீருங்கண்ணா. ஆல்டரேஷன் பண்ணிக் குடுப்பாங்க.”

“உன்ற கண்ணுக்கு நல்லதே தெரியாதா ஞானம்?”

“நல்லதுக்குக் கூலி குடுக்கறதில்லீங்களே.”

இப்படிப்பட்ட கண்ணுடைய ஒருத்தி தன் பேரில் வந்த பத்திரத்தில் இருந்த ஓட்டையை எப்படி விட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பொங்கலூரில் எங்கள் தாத்தா வாங்கிய தோட்டம் மூன்றரை ஏக்கர். பாட்டி முன்னாலேயே போய்விட்டதால், தாத்தா காலமான பிறகு அது நான்கு பிள்ளைகளுக்கும் பொது. அண்ணன் தம்பி மூவரும் கூட்டாக, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி வைத்திருந்தார்கள். பேங்க் கடனில் மெஷின் இறக்கினார்கள். சாயப்பட்டறைகள் மூடப்பட்ட வருடம் ஆர்டர் நின்றது, தவணையும் நின்றது. தோட்டத்தை பேங்க் எடுத்துக்கொள்ளும் என்று பயம் வந்தது. பத்திரம் எழுதும் ஒருவர் வழி சொன்னார்: மூன்று பேரும் உங்கள் பங்கை உடன்பிறந்தவள் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடன் தீர்ந்ததும் அவர் திருப்பி எழுதிக் கொடுக்கட்டும்.

எழுதிக் கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை. எழுதினால் அந்தத் தாள் பேங்க்காரன் கையில் சிக்கும் என்று பெரியப்பாவின் யோசனை. அதற்குப் பதிலாக மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தார்கள். வேண்டுதலுக்கு முடிந்து வைப்போமே, அதே மாதிரி. மூன்று பேரும் அந்த முடிச்சைத் தொட்டு, “பழனியாண்டவர் சாட்சியா இது எங்க சொத்து, ஞானாம்பாள் சும்மா வெச்சிருக்கறா” என்று சொன்னார்கள். அத்தை அதை வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் சாமிக்கு முடிந்த காசை யாரும் ஏமாற்றியதில்லை. அத்தையும் ஏமாற்றவில்லை. கோளாறு அங்கே இல்லை.

சில வருடங்களில் மெஷின்களை விற்று, ஒரேயடியாக ஒரு தொகை கட்டிக் கடனை முடித்தார்கள். கூட்டும் பிரிந்தது. அன்றே நான்கு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதற்குள் தோட்டத்தின் முன்பக்கத்து ரோடு அகலமாகிவிட்டது. மனை போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குறுக்குவாக்கில் பிரித்தால் ஒருவருக்கு ரோடு, ஒருவருக்குக் கிணறு, மற்றவர்களுக்கு முள். நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஜட்டி நாடா அகலத்துக்குத்தான் வரும் என்பார் பெரியப்பா.

ஆகவே மூவரும் தனித்தனியாக நெருப்பெரிச்சலுக்குப் போக ஆரம்பித்தார்கள். பெரியப்பா பட்டுச் சேலையோடு போனார். என் அப்பா கண்ணீரோடு போனார். சித்தப்பா இரண்டும் இல்லாமல் போனார். மூன்று பேர் கேட்டதும் ஒன்றுதான்: ரோட்டுப் பக்கத்தை எனக்கு மட்டும் முதலில் எழுதிக் கொடுத்துவிடு, மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கும் அத்தையின் பதிலும் ஒன்றுதான்.

“மூணு பேரும் ஒரே நாள்ல வாங்க. யாருக்கு எந்தத் துண்டுன்னு பேசி முடிச்சுட்டு வாங்க. நாலு பங்குல மூணு உங்களுது, ஒண்ணு எனக்கு. பத்திர ஆபீஸ்லயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்.”

“உனக்கெதுக்குக்கா பங்கு? புள்ளயா குட்டியா?” என்றார் சித்தப்பா. நான் அப்போது அங்கே இருந்தேன்.

“நான் ஒருத்தி இருக்கறனல்லடா. எத்தன வருசத்துக்குத் தண்ணிக்குக் கொடத்த வரிசைல வெச்சுட்டு நிக்கறது? ஒரு ரூம்பு கட்டிக்கறேன்.”

“அதுக்கு நாங்க வாடகைக்குப் பெரிய ஊடாப் பாத்துக் குடுக்கறோம்.”

“இப்ப இருக்கற ஊட்டு வாடகையே நாந்தான் குடுக்கறேன். நீ எந்த ஊட்டச் சொல்ற?”

அத்தையின் பிடிவாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். ‘மூன்று பேரும் ஒரே நாளில்’ என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்று பேரும் ஒரே நாளில் ஒரு கல்யாணத்துக்குக்கூட வருவதில்லை. ஒருவர் முகூர்த்தத்துக்கு வந்தால் மற்றவர் வரவேற்புக்கு வருவார். அது தெரிந்தும் அத்தை அதிலேயே நின்றார். வருகிறவருக்கு வருகிறபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். “ஒருத்தனுக்கு முந்திப் போட்டா மத்த ரெண்டு பேருக்கும் நான் துரோகி ஆயிருவேன் கண்ணு” என்பார். போடாமலே துரோகி ஆனதுதான் நடந்தது. ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புப் பந்தியில், இலையில் சோறு விழுகிற நேரத்தில் சித்தப்பா சத்தமாகச் சொன்னார்: “எங்க அக்காளுக்கு ரெண்டு கரண்டி சேத்திப் போடுங்க. மூணரை ஏக்கரா முழுங்கினவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?”

பந்தி சிரித்தது. அத்தை சாப்பிட்டு முடித்து, இலையை மடக்கி, எழுந்து கை கழுவினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெருமாநல்லூர் தாண்டியதும், “நான் சாகறப்ப அது எம்பேர்ல இருக்கக் கூடாது கண்ணு” என்றார். “இருந்தா, முழுங்கினவங்கறது நெசமாயிரும். பொறகு நான் எந்திரிச்சு வந்தா பதில் சொல்ல முடியும்?”

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒன்றுதான் வேலை. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒருத்தி இப்படி அலைந்ததை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. லீவு சொல்லிவிட்டுப் பத்திர ஆபீஸுக்கு டோக்கன் போடுவார். ஒரு முறை பெரியப்பாவும் அப்பாவும் வந்து சித்தப்பா வரவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். அடுத்த முறை பெரியப்பா வாசல்வரை வந்து, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கிணறு தன் பக்கம் இல்லை என்று காரைத் திருப்பினார். இன்னொரு முறை என் அப்பா. அவருக்கு அன்று சந்திராஷ்டமம்.

ஒரே ஒரு நாள் மூவரும் வந்தார்கள். அன்று சர்வர் வேலை செய்யவில்லை. “வந்துரும், வந்துரும்” என்றார்கள். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வாங்கினார்கள். பழைய கதை பேசினார்கள். தாத்தாவின் சைக்கிளை யார் கிணற்றில் விட்டது என்று சிரித்தார்கள். கிணறு என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று ஆரம்பித்தது, மோட்டார் யார் காசில் வாங்கியது என்று போய், “அப்பனுக்கு வைத்தியம் பாத்தது யாரு” என்பதில் முடிந்தது. சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெரியப்பா பின்னாலேயே போனார், திட்டுவதற்காக. அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “ஞானாம்பாள் யாருங்க? சர்வர் வந்துருச்சு” என்றார்.

“நான் வந்துட்டனுங்க. இவங்கதான் போயிட்டாங்க” என்றார் அத்தை.

சாவு அன்றும் இதே கூத்துதான். கொள்ளி யார் வைப்பது? கொள்ளி வைத்தவனுக்குச் சொத்தில் முதல் பேச்சு என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. சட்டம் அப்படி எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். பெரியப்பா, “மூத்தவன் நாந்தான்” என்றார். சித்தப்பா, “கடைசியாப் பொறந்தவன்தான் வெக்கோணும்” என்றார். பெரியப்பா வைத்துவிடக் கூடாது, சித்தப்பாவும் வைத்துவிடக் கூடாது என்ற ஒரே குறியில் என் அப்பா தனியே போய்க் கணியூருக்குப் போன் போட்டார். மாமாவின் காலமான தம்பியின் ஒரே மகன் சென்னிமலை அங்கே இருக்கிறார். முப்பது வருடமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடாதவர். “வாழ்ந்த ஊட்டு உரிமை, நீங்கதான் மாப்ள வந்து வெக்கோணும்” என்றார் அப்பா.

சென்னிமலை மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். தேங்காய் வியாபாரி, சட்டையில் நார் ஒட்டியிருந்தது. கேட்டதைச் செய்தார். தலைமழித்து, குளித்து, தன் பெரியம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, கருமாதிவரை வந்து போனார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை வராமல் முடித்துவிட்டதாக அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை.

கருமாதி முடிந்த வாரம் மூவரும் பல்லடத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். ஒருவரைத் தனியே அனுப்ப மற்றவர் சம்மதிக்க மாட்டார் என்பதால் மூவரும். யாராவது படித்தவர்கள் இருக்கட்டும் என்று நானும். வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நெலம் அந்தம்மா பேர்ல இருக்குதுங்க.”

“பேருதானுங்க தங்கச்சியுது. நெலம் எங்குளுது” என்றார் பெரியப்பா.

“திருப்பித் தரோணும்னு எழுதி வாங்கியிருக்கறீங்களா?”

“காசு முடிஞ்சு வெச்சிருக்கறமுங்க.”

வக்கீல் பத்திரத்தை மடித்து வைத்தார். “பேர் ஒருத்தருது, பாத்தியதை இன்னொருத்தருது, பேர்ல இருக்கறவங்க காவலுக்குத்தான் வெச்சிருக்கறாங்க, அப்படின்னு கோர்ட் ஏத்துக்கற சமயம் உண்டுங்க. கேக்கலாம். ஆனா எதுக்காக எழுதிக் குடுத்தீங்கன்னு ஜட்ஜ் கேப்பாரே?”

“பேங்க்காரன் எடுத்துக்குவானேன்னுதானுங்க” என்றார் சித்தப்பா, மிகவும் நேர்மையாக.

“அதச் சொன்னீங்கன்னா, கடன்காரனை ஏமாத்த எழுதினவங்களுக்கு நான் எதுக்கு ஒத்தாசை பண்ணோணும்னு கேப்பாரு. சொல்லலீன்னா, பின்ன எதுக்குத்தான் எழுதினீங்கன்னு கேப்பாரு.”

“செரி, அது கெடக்கட்டும். அக்காளுக்கு நாங்கதான வாரிசு?” என்றார் அப்பா.

“அந்தம்மாவுக்கு அப்பா வழில வந்தது நாலுல ஒரு பங்கு. கொழந்த இல்லாததால அது பொறந்த ஊட்டுக்கே, உங்களுக்கே வந்துரும். நீங்க மூணு பேரும் எழுதிக் குடுத்தீங்களே மூணு பங்கு, அது அப்பா வழி வந்ததில்ல. அது புருசன் ஊட்டு வாரிசுக்குப் போகுமுங்க.”

பெரியப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. “அப்ப அவ பங்கு எங்களுக்கு. எங்க பங்கு அவளூட்டுக்காரர் பக்கமா?”

“ஆமாங்க. அந்தப் பக்கம் யாராச்சும் இருக்கறாங்களா?”

“கொள்ளி வெச்ச பையன் இருக்கறான்.”

“யாரு கூப்புட்டு வந்தது?”

பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கூப்பிடாவிட்டாலும் சட்டம் அதுதான் என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் ஒரே காரில் கணியூர் போனார்கள். நான் பின் இருக்கையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில். அத்தை உயிரோடு இருந்தபோது வேண்டிக் கேட்டும் நடக்காதது, செத்து ஒரு மாதத்துக்குள் நடந்தது. “மாப்ள”, “மாப்ள” என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், வேட்டி சட்டை எல்லாம் டிக்கியில் இருந்தன.

சென்னிமலை இளநீர் வெட்டிக் கொடுத்தார். பெரியப்பா சுற்றி வளைத்து வருவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“எதுக்கு வந்திருக்கறீங்கன்னு தெரியுமுங்க மாமா. பெரியம்மா ரெண்டு வருசத்துக்கு முந்தியே வந்து சொல்லீட்டாங்க. யாரையோ வெசாரிச்சிருக்கறாங்க. ‘எனக்கு முன்ன பின்ன ஆனா தோட்டம் உம்பக்கம் வந்தாலும் வருமாம். அது எங்கண்ணன் தம்பி சொத்து, நீ தொட்டுராத’ன்னாங்க. எனக்கு வேண்டாமுங்க. போட்டுக் குடுத்தர்றேன்.”

பெரியப்பா துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்பா அழுதார். சித்தப்பா இளநீரை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க மாமா. மூணு பேரும் ஒரே நாள்ல வரோணும். யாருக்கு எந்தத் துண்டுன்னு முடிவு பண்ணிட்டு. ஒருத்தருக்குப் போட்டுட்டு மத்தவிய கிட்ட நான் பேச்சு வாங்க மாட்டேன். ‘எங்கிட்டக் கேட்டாப்பலயே உங்கிட்டயும் தனித்தனியா வருவானுக, ஏமாந்துராத’ன்னு பெரியம்மா சொல்லியிருக்கறாங்க.”

“அதுக்கென்னுங்க மாப்ள! இதோ ஒண்ணாத்தான வந்திருக்கறோம்!” என்றார் பெரியப்பா.

திரும்பும்போது உடுமலை வரை ஒற்றுமை இருந்தது. டீக்கடையில் நிறுத்தினோம். “எல்லாம் சரி, இப்ப ஞானம் பங்குன்னு ஒண்ணு வந்திருக்குதே, அத எப்படிப் பிரிக்கறது?” என்று பெரியப்பா கேட்டார். அதுவரை மூவருக்கு மூன்று பங்கு என்று இருந்த சண்டைக்கு நான்காவதாக ஒரு துண்டு கிடைத்தது. அது ரோட்டுப் பக்கம் என்றார் ஒருவர், கிணற்றுப் பக்கம் என்றார் இன்னொருவர். “அந்த முண்ட அன்னிக்கே எனக்குப் போட்டுக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்ல” என்றார் சித்தப்பா.

“செத்தவளப் போய் அப்படிப் பேசறயே, நாக்கு அழுகீரும்டா” என்றார் அப்பா.

“நீ பேசாத. கொள்ளிக்கு ஆளுக் கூட்டியாந்தவன்தான நீ!”

சித்தப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி, பல்லடம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மூன்று மாதம் ஆகிறது. சென்னிமலை இரண்டு முறை போன் செய்து, “நாள் குறிச்சாச்சுங்களா?” என்று கேட்டார். அத்தை பேரில் இருந்த தோட்டம் இன்னும் அத்தை பேரிலேயே இருக்கிறது. பந்தியில் சித்தப்பா சொன்னதை இனி யாராலும் மறுக்க முடியாது. பதிவேடு அதைத்தான் சொல்கிறது.

போன ஞாயிறு விஜயராணி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அத்தை லீவு நாளில் அவளைத்தான் கூட்டிக்கொண்டு வருவாராம், எனக்குத் தெரியாது. ரோட்டுப் பக்கமும் இல்லாமல், கிணற்றுப் பக்கமும் இல்லாமல், பின்னால் வேலமுள் மண்டிய மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அங்கே சுண்ணாம்பு அடித்த நான்கு எல்லைக்கற்கள் கிடந்தன.

“இது அத்தைக்க பங்கு. கூடப் பொறந்தவிய தகராறு பண்ணாத எடமாப் பாத்து அத்தை எடுத்துக்கிட்டாவ. மூலைக்கு ஒண்ணா நட்டுட்டா, மிச்சத்த அவிய பாத்துக்கிடட்டும்னாவ. கடப்பாரைய நாந்தான் கொண்டாந்தேன்.”

மூன்று மூலையில் குழி முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தது. நாலாவதில் மேல்மண் மட்டும் எடுத்திருந்தது.